ஒரே ஒரு ஆக்சிஜன்தானே கூட?

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். வேதியியல் வரும், கணக்கும் கொஞ்சம் வரும். ஒன்பதாம் வகுப்பு தாண்டின யாருக்கும் புரியும். பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்க பெரியப்பா போன் பண்ணினார். வயசு 72. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் யூடியூப்தான் அவருக்கு காலேஜ்.

"ஏம்ப்பா, தண்ணியில ஹைட்ரஜன் ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணு. சரிதானே?"

"சரி பெரியப்பா."

"ஹைட்ரஜன் பெராக்சைடுல ஹைட்ரஜன் ரெண்டு, ஆக்சிஜனும் ரெண்டு. அப்ப தண்ணியோட ஒரு ஆக்சிஜன் கூட. அவ்வளவுதானே? எனக்குப் படி ஏறினா மூச்சு வாங்குது. தினம் பத்து சொட்டு தண்ணியில விட்டுக் குடிச்சா ஒடம்புல ஆக்சிஜன் ஏறும்னு ஒருத்தர் விளக்கமா சொல்றார். 35% பாட்டில் ஆன்லைன்ல வந்துடுச்சு. காலையில வெறும் வயித்துல குடிக்கலாமா, சாப்பிட்டுக் குடிக்கலாமா?"

குடிக்கலாமா வேணாமானு அவர் கேக்கவே இல்ல, கவனிச்சீங்களா? எப்பக் குடிக்கணும்னுதான் கேட்டார். பாட்டிலைத் திறக்கவே வேண்டாம், நாளைக்குக் காலையில நேரா கிளினிக் வாங்கனு சொல்லி வச்சேன்.

வச்சதுக்கப்புறம் யோசிச்சேன். பெரியப்பா சொன்ன வேதியியல்ல ஒரு தப்பும் இல்ல. தண்ணீர் அப்படித்தான், பெராக்சைடும் அப்படித்தான், வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான். தகவல் நூத்துக்கு நூறு சரி, முடிவு மட்டும் ஆளைக் கொல்ற அளவுக்குத் தப்பு. இது எப்படி?

இதுக்கு பதில் நம்ம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சு, ரெண்டு மார்க்குக்கு எழுதி, மறந்துபோன ஒரு விதியில இருக்கு. பெருக்கல் விகித விதி. மடங்கு விகித விதினும் சொல்வாங்க.

விதி இதுதான். ரெண்டு தனிமங்கள் சேர்ந்து ஒண்ணுக்கு மேற்பட்ட சேர்மங்களை உருவாக்கினா, ஒரு தனிமத்தோட எடையை மாறாம வச்சுக்கிட்டுப் பார்த்தா, அதோட சேர்ற இன்னொரு தனிமத்தோட எடைகள் 1:2, 2:3 மாதிரி எளிய முழு எண் விகிதத்துல இருக்கும்.

பெரியப்பா கேஸையே எடுத்துக்குவோம். 2 கிராம் ஹைட்ரஜன் 16 கிராம் ஆக்சிஜனோட சேர்ந்தா 18 கிராம் தண்ணீர். அதே 2 கிராம் ஹைட்ரஜன் 32 கிராம் ஆக்சிஜனோட சேர்ந்தா 34 கிராம் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஹைட்ரஜன் ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆக்சிஜன் 16, 32. அதாவது 1:2.

இதுல முக்கியமான விஷயம் 16க்கும் 32க்கும் நடுவுல எதுவும் இல்லங்கிறது. 17 கிராம் ஆக்சிஜன் சேர்ந்த தண்ணீர், 20 கிராம் சேர்ந்த தண்ணீர், "கொஞ்சம் ஆக்சிஜன் தூக்கலா இருக்கிற தண்ணீர்" இதெல்லாம் கிடையாது. சாம்பார்ல உப்பு ஒரு சிட்டிகை கூடினா அது உப்பு கூடின சாம்பார். சாம்பார்தான், வேற எதுவும் இல்ல. ஏன்னா அது கலவை. சேர்மம் அப்படி இல்ல. விகிதம் மாறினா அது வேற பொருள். பேரு வேற, கொதிநிலை வேற, உடம்புக்குள்ள போனா பண்ற வேலை வேற.

நம்ம பெரியப்பா பெராக்சைடை ஆக்சிஜன் தூக்கலான தண்ணியா நினைச்சுட்டார். அவர் மட்டுமில்ல. அந்த வீடியோவைப் பார்த்த லட்சம் பேரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. கொரோனா காலத்துல இதையே நெபுலைசர்ல ஊத்தி இழுக்கச் சொல்லி வீடியோக்கள் சுத்தினது ஞாபகம் இருக்கா?

சரி, பத்து சொட்டு குடிச்சா என்ன ஆகும்னு கணக்கே போட்டுடுவோம். பெராக்சைடு நம்ம திசுக்கள்ல இருக்கிற கேட்டலேஸ்ங்கிற நொதியைத் தொட்டதும் தண்ணீராவும் ஆக்சிஜன் வாயுவாவும் உடையும். 35% திரவம் 1 மில்லி உடைஞ்சா 100 மில்லிக்கும் மேல ஆக்சிஜன் வாயு வரும். பத்து சொட்டுங்கிறது சுமார் அரை மில்லி. வர்ற வாயு 50, 60 மில்லி. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் உடம்பு நிமிஷத்துக்கு சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்குது. ஆக, பத்து சொட்டுல வர்ற மொத்த ஆக்சிஜனும் 15 விநாடி செலவுக்குக் கூட காணாது. அதுவும் வர்றது வயித்துல. வயிறு நுரையீரல் வேலையைப் பார்க்காது.

லாபம் இவ்வளவுதான். நஷ்டம் என்ன? 35% திரவம் நேரா பட்டா வாயும் உணவுக்குழாயும் வெந்து போகும். தண்ணி பாட்டில்னு நினைச்சு ஒரு வாய் குடிச்சவங்களுக்கு வயித்துல ஒரே நேரத்துல லிட்டர் கணக்குல வாயு உருவாகி, குமிழிகள் ரத்தக் குழாய்க்குள்ள போய், மூளை வரைக்கும் போய் அடைச்சு பக்கவாதம் வந்ததெல்லாம் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. இந்த 35% "உணவுத் தர" பெராக்சைடைக் குடிக்காதீங்கனு அமெரிக்காவோட எஃப்டிஏ 2006லயே எச்சரிச்சது. பாட்டில்ல போட்டிருக்கிற அந்த "உணவுத் தரம்"ங்கிறது உணவுத் தொழிற்சாலையில பயன்படுத்துற தூய்மை அளவு. குடிக்கிற தரம்னு அர்த்தம் இல்ல.

இந்த விதியைச் சொன்னவர் ஜான் டால்டன். இங்கிலாந்துக்காரர், நெசவாளி வீட்டுப் பிள்ளை, மான்செஸ்டர்ல வாத்தியார் வேலை பார்த்தவர். 1804 வாக்குல சதுப்பு நிலத்துல வர்ற மீத்தேன் வாயுவையும் எத்திலீன் வாயுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ரெண்டுலயும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அதே அளவு கார்பனுக்கு எத்திலீன்ல இருக்கிறதைப் போல மீத்தேன்ல சரியா ரெண்டு மடங்கு ஹைட்ரஜன். ஒன்றரை மடங்கில்ல, ஒண்ணே முக்கால் மடங்கில்ல, ரெண்டு. ஏன் இப்படி முழு எண்ணா வருது? பொருள்கள் எல்லாம் உடைக்க முடியாத சின்னச் சின்னத் துகள்களால ஆனதா இருந்தாத்தான் இப்படி வரும். ஒண்ணோட ஒண்ணு சேரலாம், ஒண்ணோட ரெண்டு சேரலாம், ஒண்ணோட ஒண்ணேகால் சேர முடியாது. அணு இருக்குங்கிறதை யாரும் பார்க்காத காலத்துல தராசை வச்சே அவர் பிடிச்ச பிடி இது. 1808ல புத்தகமாவும் போட்டார்.

(டாக்டரா ஒரு இடைச்செருகல்: டால்டனுக்கு நிறக்குருடு. அதைப் பத்தி 1794லயே கட்டுரை படிச்சவர் அவர். தன் கண்ணுக்குள்ள இருக்கிற திரவம் நீலமா இருக்கும், அதான் காரணம்னு நினைச்சு, செத்ததுக்கப்புறம் கண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1844ல அவர் இறந்ததும் அவரோட டாக்டர் எடுத்துப் பார்த்தார். திரவம் தெளிவா இருந்தது. அவர் கணிப்பு தப்பு. பத்திரமா வச்சிருந்த அந்தக் கண்ணுல இருந்து 1990கள்ல டிஎன்ஏ எடுத்துப் பார்த்துத்தான் உண்மையான காரணம் உறுதியாச்சு. பச்சையை உணர்ற நிறமி அவருக்கு இல்ல.)

இப்ப இந்த விதி எனக்குப் பாடம் சொன்ன ராத்திரிக்கு வர்றேன்.

நான் பயிற்சி மருத்துவரா இருந்த வருஷம். மழைக்காலம். ஒரு குடும்பம் விடியற்காலை வந்தது. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க. நாலு பேருக்கும் தலைவலி, வாந்தி. சின்னவன் ரொம்ப சோர்ந்து போயிருந்தான். ராத்திரி என்ன சாப்பிட்டீங்கனு கேட்டேன். கடையில வாங்கின பரோட்டானு சொன்னாங்க. போதாதா? உணவு நச்சுனு கேஸ் ஷீட்ல எழுதிட்டேன். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் நாலு பேருக்கும் 98, 99 காட்டுச்சு. எனக்கு சந்தேகமே வரல.

ரவுண்ட்ஸ் வந்த சீனியர் டாக்டர் ஷீட்டைப் பார்த்துட்டு அந்த அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேத்து ராத்திரி எங்கம்மா படுத்திருந்தீங்க?"

கரண்ட் இல்ல. ஜெனரேட்டரைத் திண்ணையில வச்சு ஓட்டியிருக்காங்க. மழைச்சாரல் அடிக்கும்னு ஒரு பக்க ஜன்னலைச் சாத்திட்டாங்க. திண்ணைப் பக்க ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. நாலு பேரும் ஒரே ரூம்.

கார்பன் மோனாக்சைடு. உடனே நாலு பேருக்கும் மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன். நாலு பேரும் பிழைச்சு வீட்டுக்குப் போனாங்க. நான் எழுதின உணவு நச்சை நம்பி டிரிப்ஸ் மட்டும் போட்டு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருந்தா, அன்னைக்கு ராத்திரியும் கரண்ட் இல்லாம இருந்திருந்தா... வேண்டாம், விடுங்க.

அந்த வாயுவோட கணக்கைப் பாருங்க. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனோட சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு. நீங்க இதைப் படிச்சுக்கிட்டே வெளிய விடுற மூச்சுக் காத்துல சுமார் 4% அதுதான். அதே 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோட மட்டும் சேர்ந்தா கார்பன் மோனாக்சைடு. 1:2. காத்துல இது 0.1% இருந்தா போதும், சில மணி நேரத்துல ஹீமோகுளோபின்ல பாதியைப் பிடிச்சு உட்கார்ந்துக்கும். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா பிடிக்கும். நிறம் இல்ல, மணம் இல்ல. அந்தச் சின்ன ஆக்சிமீட்டருக்கு ஹீமோகுளோபின்ல உட்கார்ந்திருக்கிறது ஆக்சிஜனா மோனாக்சைடானு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ரெண்டையும் சேர்த்து 98னு காட்டும். அன்னைக்கு என்னை ஏமாத்தினது அதுதான்.

எப்ப 32க்குப் பதிலா 16 சேருது? ஆக்சிஜன் பத்தாதப்போ. குளியலறைக்குள்ள கேஸ் கீசர் வச்சிருக்கிறவங்க இதை கவனமா படிங்க. 1 கிலோ எல்பிஜி முழுசா எரிய சுமார் 15 கிலோ காத்து வேணும். 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரம் இருக்கிற ஒரு பாத்ரூம்ல இருக்கிற மொத்தக் காத்தோட எடையே சுமார் 8 கிலோதான். கதவையும் ஜன்னலையும் சாத்திட்டா, அரை கிலோ கேஸ் முழுசா எரியறதுக்கே அங்க இருக்கிற காத்து ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துடும். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஆக்சிஜன் கொஞ்சம் குறைஞ்சதுமே தீ தடுமாறும், மோனாக்சைடு வர ஆரம்பிக்கும். குளிக்கப் போனவங்க மயங்கி விழுந்து கிடந்தாங்கனு நம்ம நாட்டுல வர்ற செய்திகள்ல பலதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் கணக்குதான்.

கரி அடுப்பு இன்னும் மோசம். அடியில உருவாகிற கார்பன் டை ஆக்சைடு, மேல சிவந்து கிடக்கிற கரியைத் தாண்டிப் போகும்போது அந்தக் கரியோட சேர்ந்து மறுபடி மோனாக்சைடா மாறும். புகையே இருக்காது. "புகை அடங்கிடுச்சு, கனல் மட்டும்தான் இருக்கு, உள்ள வச்சுக்கலாம்"னு கொடைக்கானல், ஊட்டி போறவங்க ரூமுக்குள்ள எடுத்து வைக்கிறது அந்த நேரத்துலதான். தயவுசெஞ்சு வேண்டாம்.

இங்க நீங்க ஒண்ணைக் கவனிச்சிருப்பீங்க. பெரியப்பா கேஸ்ல ஆக்சிஜன் கூடினதும் பொருள் உடம்புக்கு ஆகாததா மாறிச்சு. கார்பன் கேஸ்ல ஆக்சிஜன் கூடினதும் கொல்ற வாயு சாதுவாச்சு. அப்ப ஆக்சிஜன் கூடினா நல்லதா, கெட்டதா?

என்னோட கருத்தே இங்கதான் இருக்கு. அந்தக் கேள்வியே தப்பு. எந்தத் தனிமம் இருக்கு, அது கூடவா குறைவாங்கிறதை வச்சு ஒரு சேர்மம் உடம்புக்கு நல்லதா கெட்டதானு சொல்லவே முடியாது. அதுல ஏறுமுகமும் இல்ல, இறங்குமுகமும் இல்ல. ஒவ்வொரு விகிதமும் தனி ஆள். அவரோட பேரைக் கேட்டு, அவர் என்ன பண்ணுவார்னு தனியாத்தான் தெரிஞ்சுக்கணும். (டை ஆக்சைடு சாதுனு சொன்னதும் அதை முழுசா நம்பிடாதீங்க. 1986ல காமரூன் நாட்டுல நியோஸ் ஏரியிலிருந்து மொத்தமா வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 1700 பேரைக் கொன்னுச்சு. அளவு கூடினா அதுவும் எமன்தான்.)

நம்பிக்கை வரலைனா நைட்ரஜன் குடும்பத்தைப் பாருங்க. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்களுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

28 கிராம் நைட்ரஜனை எடுத்துக்கோங்க. அதோட 16 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தா நைட்ரஸ் ஆக்சைடு. 32 சேர்ந்தா நைட்ரிக் ஆக்சைடு. 64 சேர்ந்தா நைட்ரஜன் டை ஆக்சைடு. 48, 80 சேர்ந்ததும் உண்டு. 1:2:3:4:5னு படிக்கட்டு மாதிரி போகும். நம்மைச் சுத்தி இருக்கிற காத்துலயும் பெரும்பங்கு இதே நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். ஆனா அங்க ரெண்டும் சேரல, சும்மா பக்கத்துல பக்கத்துல இருக்கு. கலவை.

முதல் படி, நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பூட்டும் வாயு. 1800ல ஹம்ப்ரி டேவி, பிரிஸ்டல் நகரத்துல தானே இழுத்து இழுத்துப் பார்த்து, இதனால வலி குறையுது, அறுவை சிகிச்சைக்கு உதவலாம்னு எழுதினார். 1844ல ஹொரேஸ் வெல்ஸ்ங்கிற அமெரிக்கப் பல் டாக்டர் அதை இழுத்துக்கிட்டுத் தன் பல்லையே பிடுங்கவிட்டார். இன்னைக்கும் பிரசவ வலிக்கு பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடுனு கலந்து கொடுக்கிறது உண்டு.

இதே டேவி, அடுத்த படியான நைட்ரிக் ஆக்சைடையும் இழுத்துப் பார்த்தார். அது ஆக்சிஜனைத் தொட்டதும் டை ஆக்சைடா மாறும், ஈரத்தைத் தொட்டதும் அமிலமாகும். வாயும் தொண்டையும் எரிஞ்சு எப்படியோ தப்பிச்சார். ஒரே ஒரு படி வித்தியாசம்தான்.

அதனால நைட்ரிக் ஆக்சைடு கெட்டதுனு முடிவு கட்டிட முடியுமா? ரொம்ப காலம் அதை வண்டிப் புகையில வர்ற அசிங்கமாத்தான் பார்த்தோம். அப்புறம் பார்த்தா நம்ம ரத்தக் குழாய்களே அதைத் துளித்துளியா உருவாக்கி, தன்னை விரிய வைக்கிறதுக்குப் பயன்படுத்துது. அதைக் கண்டுபிடிச்ச ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் 1998ல நோபல் பரிசு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை வேலை செய்யறதும் இதை வச்சுத்தான். பிறந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்தக் குழாய் விரியாம நீலமா கிடக்கும்போது, காத்துல பத்து லட்சத்துல 20 பங்கு நைட்ரிக் ஆக்சைடு கலந்து கொடுப்பாங்க. அப்படிக் கொடுக்கும்போது, பக்கத்துலயே ஒரு மானிட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். எதுக்கு? அது அடுத்த படிக்கு, அதாவது டை ஆக்சைடுக்கு ஏறிடுச்சானு பார்க்கத்தான்.

அந்த டை ஆக்சைடு மேல ஏன் அவ்வளவு பயம்? 1929ல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் நகரத்துல ஒரு மருத்துவமனையில அந்தக் காலத்து எக்ஸ்ரே பிலிம்கள் தீப்பிடிச்சு எரிஞ்சது. நைட்ரோ செல்லுலோஸ் பிலிம். 120 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் தீக்காயத்தால இல்ல, வாயுவால. நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும். நடந்து வெளிய வந்து, நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னவங்க சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்து இறந்தாங்க. நைட்ரஜன் டை ஆக்சைடோட குணம் அது. உடனே காட்டாது.

1966ல அதே பிரிஸ்டல் நகரத்துல மயக்க மருந்து கொடுக்கும்போது ரெண்டு நோயாளிகள் நீலமாகிப் போனாங்க. ஒருத்தர் இறந்துட்டார். நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள்ள நைட்ரஜனோட மேல்படி ஆக்சைடுகள் கலந்து வந்திருந்தது. அமோனியம் நைட்ரேட்டைச் சூடுபண்ணித்தான் நைட்ரஸ் ஆக்சைடு தயாரிப்பாங்க. அந்தச் சூடு எல்லை மீறினா மேல்படி ஆக்சைடுகளும் கூடவே வரும், அதை வடிகட்டி எடுக்கணும். சிலிண்டர் மேல எழுதியிருந்த பேரு ஒண்ணு, உள்ள வந்தவர் வேற. தனிமங்கள் என்னவோ அதே ரெண்டுதான்.

பாதரசத்தையும் ஒரு வரி சொல்லிடறேன். பாதரசமும் குளோரினும் ரெண்டு விதமா சேரும். ஒரே அளவு பாதரசத்துக்கு ஒண்ணுல இருக்கிறதைப் போல இன்னொண்ணுல ரெண்டு மடங்கு குளோரின். நம்ம சித்த மருத்துவ நூல்கள்ல முதலாவது பூரம், ரெண்டாவது வீரம். தனித்தனிப் பேர்தான். ஒண்ணு தண்ணியில கரையவே கரையாது, இன்னொண்ணு நல்லா கரையும். ஓரிரு கிராமே உயிரை எடுத்துடும். கரையாத அந்த முதலாவதைத்தான் "இது சாது"னு நினைச்சு இங்கிலாந்துல பல் முளைக்கிற குழந்தைகளுக்கு பொடியா கொடுத்துக்கிட்டிருந்தாங்க. கை கால் சிவந்து, எரிஞ்சு, தூக்கமில்லாம குழந்தைங்க அவஸ்தைப்பட்ட நோய்க்கு காரணம் அந்தப் பொடிதான்னு ரொம்ப லேட்டா புரிஞ்சு, 1950கள்ல பொடியை நிறுத்தினதும் நோயும் காணாமப் போச்சு. ஒண்ணு இன்னொண்ணை விட சாதுங்கிறதுக்காக அது மருந்தாகிடாது.

இப்ப என்னோட கோபத்துக்கு வர்றேன்.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் வேதியியல் படிச்சேன். இந்த விதிக்கு வந்த கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எம்ங்கிற உலோகத்தோட ரெண்டு ஆக்சைடுகள்ல 27.6%, 30% ஆக்சிஜன் இருக்கு, முதலாவதோட வாய்பாடு எம் மூணு, ஓ நாலு, ரெண்டாவதோட வாய்பாடு என்ன? விடை எம் ரெண்டு, ஓ மூணு. நூறு பேர் இருந்த வகுப்புல பாதிப் பேர் சரியா போட்டோம். அந்த எம் யாருனு வாத்தியாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. ரொம்ப வருஷம் கழிச்சு நானா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது இரும்பு! முதலாவது காந்தக்கல். ரெண்டாவது நம்ம வீட்டு கேட்ல பிடிக்கிற துருவோட நெருங்கின சொந்தம். ஒண்ணு கருப்பு, காந்தம் ஒட்டும். இன்னொண்ணு செங்காவி, காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. ஒரு காந்தத்தையும் ரெண்டு பொடியையும் வகுப்புக்குக் கொண்டு வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அந்த விதியை சாகிற வரைக்கும் மறந்திருக்க மாட்டோம்.

கார்பன் மோனாக்சைடும் அதே பாடத்துல உதாரணமா வந்தது. 16, 32, 1:2, அடிக்கோடு, அடுத்த கணக்கு. கேஸ் கீசர் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அந்த வகுப்புல உட்கார்ந்து முழு மார்க் வாங்கின நான், அஞ்சாறு வருஷம் கழிச்சு அந்த வாயுவே எதிர்ல வந்து நின்னப்ப பரோட்டானு எழுதினேன்.

சிலர் கேப்பீங்க. டாக்டர், சாதாரண ஜனங்களுக்கு எதுக்கு விதியெல்லாம்? குடிக்காதே, இழுக்காதேனு சொல்லிட்டா போதாதா?

போதாது. நான் இன்னைக்கு பெராக்சைடு வேண்டாம்னு சொல்வேன். நாளைக்கு வேற ஒரு பாட்டில் வரும். அதுக்கும் ஒருத்தர் கரும்பலகையில வாய்பாடு எழுதி "பாருங்க, இதுல இருக்கிறது இதுவும் இதுவும்தான்"னு காட்டுவார். ஒவ்வொண்ணா துரத்திக்கிட்டு டாக்டருங்க ஓட முடியாது. "எது எது இருக்கு"ங்கிறது பாதித் தகவல்தான், "எந்த விகிதத்துல சேர்ந்திருக்கு, அந்தச் சேர்மத்தோட பேர் என்ன"ங்கிறதுதான் மீதினு மனசுல பதிஞ்சிருந்தா, அந்தக் கரும்பலகை வித்தை யார்கிட்டயும் பலிக்காது.

இதே பாதித் தகவல் பயமுறுத்தறதுக்கும் பயன்படுது. "உப்புல சோடியம் இருக்கு, அது தண்ணியில போட்டா வெடிக்கும்! குளோரின் இருக்கு, அது முதலாம் உலகப் போர்ல போட்ட விஷவாயு!" ரெண்டும் உண்மை. உப்பு உப்புதான். ரத்த அழுத்தம் இருக்கிறவங்க உப்பைக் குறைக்கச் சொல்றேன், அது வேற காரணம்.

நியாயமா ஒண்ணையும் சொல்லிடணும். விகிதம் மட்டுமே எல்லாத்தையும் சொல்லிடாது. வெல்டிங் கடையில எரியிற அசிட்டிலீன்லயும், ரத்தப் புற்றுநோய் வரவைக்கிற பென்சீன்லயும் கார்பன், ஹைட்ரஜன் விகிதம் அச்சு அசலா ஒண்ணு. அணுக்கள் எத்தனை, எப்படிக் கோத்திருக்குங்கிறதுல வித்தியாசம். இரும்போட சில ஆக்சைடுகள்ல முழு எண் கணக்கே கொஞ்சம் பிசகும். டால்டன் போட்டது முதல் படி. அந்த முதல் படியிலேயே நாம நிக்கலங்கிறதுதான் என் வருத்தம்.

வீட்டுல கேஸ் கீசர் இருந்தா அதைக் குளியலறைக்கு வெளிய மாத்தி வைங்க. இப்போதைக்கு முடியலைனா பக்கெட்ல தண்ணி பிடிச்சுட்டு, கீசரை அணைச்சுட்டு, கதவைத் திறந்து காத்து போக விட்டு, அப்புறம் குளிங்க. ஜெனரேட்டர் ஜன்னல் பக்கத்துல வேண்டாம். ஒரே வீட்டுல ஒரே நேரத்துல பல பேருக்கு காய்ச்சல் இல்லாம தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தா முதல்ல எல்லாரும் வெளிய வாங்க. ஆஸ்பத்திரியில ராத்திரி எங்க படுத்திருந்தீங்கனு நீங்களே சொல்லுங்க. என்னை மாதிரி ஒரு பையன் டியூட்டியில இருக்கலாம்.

பெரியப்பா மறுநாள் காலையில வந்தார். பாட்டிலையும் ஒரு துணிப்பையில போட்டு எடுத்துக்கிட்டு வந்திருந்தார், பாவம், 800 ரூபாயாம். அவருக்கு மூச்சு வாங்கினதுக்குக் காரணம் ஆக்சிஜன் இல்ல. ஹீமோகுளோபின் 7.8. 72 வயசு ஆண் ஒருத்தருக்கு அவ்வளவு குறைஞ்சா குடல்ல எங்கயாவது ரத்தம் கசியுதானு தேடணும். எண்டோஸ்கோபிக்கு நாள் குறிச்சிருக்கோம். அந்த வீடியோவை நம்பி மூணு மாசம் சொட்டு எண்ணிக்கிட்டு இருந்திருந்தா இந்தத் தேடலும் மூணு மாசம் தள்ளிப் போயிருக்கும்.

இதையெல்லாம் அவருக்கும் உட்கார வச்சு சொன்னேன். 16, 32 எல்லாம் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்.

"அப்ப ஓசோன் தெரபினு ஒண்ணு வருதே, அதுல வெறும் ஆக்சிஜன்தானேப்பா இருக்கு, மூணு?"

"அது ஒரே தனிமம் பெரியப்பா, இந்த விதிக்குள்ள வராது. அதையும் இழுக்காதீங்க."

அதுக்கு இன்னொரு த்ரெட் போடணும்.